வீட்டு நாயை வைத்து விளையாட்டுப் படம்: 'ஏர் பட்' காட்டும் வழியில் ஒரு முழுமையான வழிகாட்டி

"நாய் கூடைப்பந்து ஆடுகிறது." 1997 ஆகஸ்டில் டிஸ்னி வெளியிட்ட 'ஏர் பட்' படத்தின் கதையை இந்த மூன்று சொல்லில் அடக்கிவிடலாம். கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் பெரிய நடிகர் யாரும் இல்லாத அந்தச் சின்னப் படம் இரண்டு கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அமெரிக்கக் கால்பந்து, நம் கால்பந்து, பேஸ்பால், வாலிபால் என்று நாய் ஆடாத ஆட்டம் இல்லாத அளவுக்கு அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. பிறகு அதன் குட்டிகள் பேச ஆரம்பித்து, விண்வெளிக்கே போய்விட்டன. அவற்றை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

முதல் படத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால், ஒரு ஃபோன் கேமராவும் ஒரு நாயும் நாலு நண்பர்களும் வைத்திருப்பவருக்குப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்கத் தேவையான பாடம் அத்தனையும் அதற்குள் கிடைக்கும். எங்கள் வீட்டு நாய் மணியை வைத்து நான் அப்படி ஒன்று எடுத்துப் பார்த்தேன். முட்டி மோதிக் கற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் படி: கையில் பேனாவோடு படத்தைப் பாருங்கள்

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இந்த நாயால் மட்டுமே முடிகிற வேலையை இடது பக்கம் எழுதுங்கள். எந்தத் தெரு நாயாலும் முடிகிற வேலை வலது பக்கம்.

கதை இதுதான். விமானச் சோதனை ஓட்டியான அப்பா விபத்தில் இறந்துபோக, ஜோஷ் என்ற சிறுவன் அம்மாவோடும் தங்கையோடும் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிவருகிறான். குடிகாரக் கோமாளி ஒருவனிடம் அடிவாங்கிக் கொண்டிருந்த நாய் அவனிடமிருந்து தப்பி வந்து, பாழடைந்த தேவாலயத்தின் பின்னால் ஜோஷிடம் சேர்கிறது. அதற்குப் பந்து போடத் தெரியும் என்பது தற்செயலாகத் தெரியவருகிறது. பள்ளியின் கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் முதியவர், ஒரு காலத்தில் நியூயார்க் நிக்ஸ் என்ற பெரிய கூடைப்பந்து அணியில் ஆடியவர், பயிற்சியாளர் ஆகிறார். நாய் புகழ் பெற்றதும் பழைய கோமாளி உரிமை கொண்டாடி வருகிறான். இறுதி ஆட்டம், அப்புறம் நீதிமன்றம்.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். இடது பக்கம் ஏறக்குறைய ஒரே வரிதான் இருக்கும்: மூக்கால் தட்டிப் பந்தை வளையத்தில் போடுகிறது. வலது பக்கம் நிரம்பி வழியும். ஓடுகிறது, ஒளிந்து பார்க்கிறது, புட்டிங்கை நக்குகிறது, ஈர உடம்போடு வீட்டுக்குள் வருகிறது, கூப்பிட்டால் வருகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று, படத்தில் கண்ணீர் வரவைக்கும் இரண்டு இடங்களும் வலது பக்கத்தில்தான் இருக்கின்றன. ஜோஷ் நாயைத் தொலைவில் கொண்டுபோய், "போ, போய்விடு" என்று விரட்டும் காட்சியில் நாய் செய்ய வேண்டியது நின்று பார்ப்பது மட்டுமே. அது ஒன்றும் நடிக்கவில்லை. அழுகிற பையனைப் பார்த்துவிட்டு நாயின் முகத்தைப் பார்க்கும் நாம்தான் அதில் சோகத்தைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம். நீதிமன்றக் காட்சியும் அப்படியே. நாய் யாரிடம் போகிறதோ அவருக்கே சொந்தம் என்று நீதிபதி முடிவு செய்கிறார். கோமாளி, தான் வழக்கமாக அடிக்கும் சுருட்டிய செய்தித்தாளை நீட்டி மிரட்டுகிறான். நாய் பாய்ந்து அந்தத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு ஜோஷிடம் ஓடுகிறது. பேப்பர் கிழிப்பதும் கூப்பிட்டவரிடம் ஓடுவதும் எந்தக் குட்டி நாய்க்குத் தெரியாது?

ஆகவே கணக்கு இப்படி. உண்மையான வித்தை ஒன்றே ஒன்று போதும். அதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் ஒருமுறை காட்டிவிட்டால் பார்ப்பவர் உங்களை நம்பிவிடுவார். மீதிப் படம் முழுவதும் அந்த நம்பிக்கையில் ஓடும்.

இரண்டாம் படி: வித்தை நாயிடமிருந்து வர வேண்டும்

அந்த நாயின் பெயர் பட்டி. (மலையாளத்தில் 'பட்டி' என்றாலே நாய்தான். அந்தப் பொருத்தம் படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.) கோல்டன் ரெட்ரீவர் இனம். 1989 கோடையில் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைப்பகுதியில், அழுக்கும் சடையுமாகத் திரிந்துகொண்டிருந்ததைக் கெவின் டிசிக்கோ என்பவர் எடுத்து வளர்த்தார். பந்தின்மேல் அதற்கு இருந்த பைத்தியத்தைக் கண்டுகொண்டு பல ஆட்டங்களுக்குப் பழக்கினார். வீட்டு வீடியோ ஒளிபரப்பும் நிகழ்ச்சி, டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சி, 'ஃபுல் ஹவுஸ்' தொடரில் காமெட் என்ற நாய் வேடம் எல்லாம் முடிந்த பிறகுதான் சினிமா வந்தது. நாய் முதலில் இருந்தது. கதையை அதன் அளவுக்குத் தைத்தார்கள்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். கோல்கீப்பர் நாய் என்று கதையை எழுதி வைத்துவிட்டு மணியைக் கூப்பிட்டேன். மணிக்குப் பந்தைத் தடுப்பதில் ஆர்வமே இல்லை. பந்தைக் கவ்வுவான், மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வான். மூன்று வாரம் மல்லுக்கட்டிய பிறகுதான் உறைத்தது: கவ்விக்கொண்டு ஓடுவதுதானே இவன் வித்தை! கதையைத் தெருக் கிரிக்கெட்டுக்கு மாற்றினேன்.

அதனால் ஒரு வாரம் நாயை ஒன்றும் சொல்லாமல் வேடிக்கை பாருங்கள். பந்து உருண்டால் என்ன செய்கிறது? துரத்துமா, தட்டுமா, கவ்வுமா, திருப்பிக் கொண்டுவருமா? தண்ணீரைக் கண்டால்? சைக்கிளைக் கண்டால்? தானாக ஒரு நாளைக்குப் பத்து முறை செய்கிற காரியம் எதுவோ அதுதான் உங்கள் படம். இனம், விலை எல்லாம் இரண்டாம் பட்சம். மனிதரோடு பழகிய, கூச்சமில்லாத, தீனிக்கு ஆசைப்படுகிற நாட்டு நாய் போதும். புதிய ஆட்களைக் கண்டு உறுமுகிற நாயை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், ஷூட்டிங் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மூன்றாம் படி: மூக்கால் பந்து தட்டப் பழக்குவது

உங்கள் நாய் தட்டுகிற ரகம் என்றால் இது உங்களுக்கு. கவ்வுகிற நாய்க்கும் முதல் இரண்டு கட்டம் பொருந்தும்.

முதலில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள். "சரி", "சபாஷ்", எதுவானாலும் ஒரே சொல். நாய் சரியாகச் செய்த அதே கணத்தில் அந்தச் சொல், உடனே ஒரு துண்டு தீனி. சொல் ஒரு நொடி பிந்தினாலும், தலையைத் திருப்பியதற்குப் பரிசு என்று நாய் புரிந்துகொள்ளும். தீனி கடலைப்பருப்பு அளவு இருந்தால் போதும். உப்பு, மசாலா, வெங்காயம் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு அருமையாக வேலை செய்யும். சாக்லேட், திராட்சை இரண்டும் நாய்க்கு நஞ்சு. குழுவில் பிள்ளைகள் இருந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உள்ளங்கையை நாயின் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டுங்கள். முகர்ந்து பார்க்க மூக்கைக் கொண்டுவரும். பட்டதும் சொல், தீனி. கையை இடப்புறம், வலப்புறம், மேலே என்று மாற்றுங்கள். மூன்று நாளில் கை எங்கிருந்தாலும் மூக்கு அங்கே வரும். அடுத்து, அதே கையில் ஒரு பந்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது மூக்கு பட வேண்டிய இடம் பந்து.

எந்தப் பந்து என்பதில்தான் பாதி ரகசியம். வாய்க்குள் அடங்கும் பந்தென்றால் நாய் கவ்வும். ரெட்ரீவர் இனமே வேட்டையில் விழுந்த பறவையைக் கவ்வி எடுத்துவர வளர்க்கப்பட்டது. வாயைவிடப் பெரிய பந்து வந்தால்தான் கவ்வ வழியில்லாமல் மூக்கால் முட்டும். ஆனால் நிஜக் கூடைப்பந்து அரைக் கிலோவுக்கு மேல் எடை. அதை மூக்கின்மேல் எறிந்தால் ஒரே நாளில் பந்தென்றாலே பயப்படும். குழந்தைகள் விளையாடும் லேசான பந்தில் தொடங்கி, காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கேமராவுக்கு அது நிஜப் பந்துபோலத் தெரிய நிறமும் கோடும் போதும்.

அடுத்து எறிவது. ஒரு மீட்டர் தள்ளி மண்டியிட்டு, பந்தை வில்லாக, மெல்ல, நாயின் மூக்குக்கு மேலே வரும்படி போடுங்கள். முதல் பத்துப் பந்து நாயின் தலையில் விழும். சிரிக்காதீர்கள், நாய்க்குப் புரியும். எப்போது தானாக மூக்கைத் தூக்குகிறதோ அப்போது சொல்லும் தீனியும். இந்தக் கட்டத்தில் பயிற்சி நாய்க்கு மட்டும் இல்லை, எறிபவருக்கும்தான். ஒரே உயரம், ஒரே வேகம் வரும்வரை நாய் இல்லாமல் சுவரில் எறிந்து பழகுங்கள்.

கடைசியாகக் கூடை. துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியை நாய்க்கு முன்னால் தரையில் வையுங்கள். தட்டிய பந்து அதற்குள் விழுந்தால் மட்டும் தீனி. விழ விழத் தொட்டியை நாற்காலிமேல், மேசைமேல், பிறகு சுவரில் மாட்டிய வளையத்துக்கு உயர்த்துங்கள். ஆட்ட விதிப்படி வளையம் 3.05 மீட்டர் உயரம். உங்களுக்கு அது தேவையில்லை. வளையத்தைத் தாழ்த்தி மாட்டிவிட்டு, பக்கத்தில் மனிதர் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் உயரம் எவ்வளவு என்று கண் கண்டுபிடிக்காது.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. நாய் சலிக்கும் முன்னால் நீங்கள் நிறுத்த வேண்டும், அதுவும் அது சரியாகச் செய்த ஒரு தடவையோடு. திட்டுவது, சங்கிலியை இழுப்பது கூடவே கூடாது. பயந்த நாயின் வால் கேமராவில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வயது ஆகாத நாயைக் குதிக்கவிடாதீர்கள், எலும்பு முற்றியிருக்காது. ஒன்றரை மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் மூன்று பந்து விழுந்தாலே படத்துக்குத் தாராளம்.

நான்காம் படி: விதிப்புத்தகத்தில் ஓட்டையைத் தேடுங்கள்

'ஏர் பட்' படத்தின் உச்சகட்ட நகைச்சுவை ஒரு மனிதரின் முகத்தில் இருக்கிறது. ஆட்கள் குறைந்து அணி தவிக்கிறது, நாய் களத்துக்கு வருகிறது, எதிரணி கத்துகிறது. நடுவர் விதியைப் பார்த்துவிட்டு, நாய் ஆடக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்கிறார். நாய் சும்மா நிற்கிறது. வளர்ந்த மனிதர்கள் கோட் சூட்டோடு அதைப் பற்றி மும்முரமாக வாதாடுவதுதான் சிரிப்பு. நிஜத்தில் பள்ளியில் சேர்ந்த மாணவன்தான் ஆட முடியும் என்பார்கள். ஆனாலும் அந்த நேரத்தில் நமக்கு அது தோன்றாது, ஏனென்றால் நாய் ஆட வேண்டும் என்று நாமும் ஆசைப்படுகிறோம்.

உங்கள் ஆட்டத்துக்கும் விதிப்புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். கிரிக்கெட் விதியில், டாஸ் போடும் முன்னால் அணித்தலைவர் தன் ஆட்டக்காரர்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் கதை அங்கேயே கிடைத்துவிட்டது. பட்டியலில் பதினோராவது பெயர்: மணி. அம்பயர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறார். முதல் கேட்ச் வரும்போதுதான் மணி யாரென்று தெரிகிறது. "பேரு இருக்கா? இருக்கு. அப்புறம் என்ன?" என்று எங்கள் அணித்தலைவன் கேட்கும் ஒரு வரியில்தான் படம் நின்றது.

நாய்க்கு வசனம் வேண்டாம், மனசுக்குள் பேசுவதுபோலக் குரலும் வேண்டாம். பேச ஆரம்பித்த நொடியில் அது நாய் வேஷம் போட்ட மனிதன் ஆகிவிடும். மனிதர்கள் ஒருவரும் நாயைக் கண்டு கிண்டலாகக் கண்ணடிக்கக் கூடாது. தோற்றால் அழுகிற ஆட்டமாகவே அவர்கள் ஆட வேண்டும். ஒரு பையனுக்கு நாய் ஏன் தேவை என்பதை முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். ஜோஷுக்கு அப்பா இல்லை, ஊரில் நண்பரும் இல்லை. எங்கள் படத்துப் பையனை யாரும் டீமில் சேர்ப்பதில்லை. அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

இந்தியாவில் விலங்கை நடிக்கவைக்க 2001-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் வாங்கும் படமென்றால் வாரியத்தின் தடையில்லாச் சான்றும் கேட்பார்கள். வீட்டு நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். படத்தைப் பொதுவில் திரையிடும் எண்ணம் இருந்தால், இப்போதைய நடைமுறையையும் கட்டணத்தையும் வாரியத்திடமே கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். இந்த வாரியம் நம்மூர்க்காரர் கண்ட கனவு. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் எழுப்பிய குரலுக்குப் பின் 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-இல் அமைந்த வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். பல பத்தாண்டு அது சென்னையில்தான் இயங்கியது.

அமெரிக்கப் படங்களின் கடைசியில் "எந்த விலங்குக்கும் தீங்கு நேரவில்லை" என்று ஒரு வரி வருமே, அது அமெரிக்கன் ஹியூமேன் என்ற விலங்கு நல அமைப்பின் பதிவுபெற்ற வாசகம். 1939-இல் வந்த ஒரு கௌபாய் படத்துக்காகக் குதிரையைச் செங்குத்துப் பாறையிலிருந்து கீழே விழவைத்துக் கொன்றதில் எழுந்த கண்டனம்தான் அந்தக் கண்காணிப்புக்கே காரணம். பார்க்க நன்றாக இருக்கிறதென்று நீங்களாக அதைப் போட்டுக்கொள்ள முடியாது.

'ஏர் பட்' குடும்பத்திலேயே ஒரு கசப்பான பக்கம் இருக்கிறது. 2008-இல் வந்த 'ஸ்னோ பட்டீஸ்' படப்பிடிப்புக்காகக் கனடாவுக்குக் கொண்டுபோன நாய்க்குட்டிகளிடையே பார்வோ வைரஸ் பரவி, ஐந்து குட்டிகள் இறந்தன. மிகச் சிறிய வயதிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டிகள் அவை. ஆகவே தடுப்பூசி எல்லாம் முடியாத குட்டியைப் படப்பிடிப்புக் கூட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். நடைமுறைச் சிக்கலும் உண்டு, குட்டி மாதத்துக்கு மாதம் உருமாறும். 'பேப்' படத்தில் ஒரே பன்றிக்குட்டி வேடத்துக்கு 48 பன்றிக்குட்டிகள் தேவைப்பட்டதற்கு அவை விறுவிறுவென வளர்ந்ததுதான் காரணம். நமக்கு வளர்ந்த நாயே வசதி.

ஆறாம் படி: படப்பிடிப்பு நாள்

காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நாயின் வேலையை முடித்துவிடுங்கள். தரையில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நாய்க்குப் பெரும்பாலும் மூச்சு வாங்கித்தான் உடல் சூடு தணியும். நாக்கு வழக்கத்தைவிட நீண்டு தொங்கினால் நிழல், தண்ணீர், ஓய்வு.

முதல் ஷாட்டே அந்த வெட்டாத ஷாட்டாக இருக்கட்டும், நாய் புதுத்தெம்போடு இருக்கும்போதே. கேமரா நாயின் கண் உயரத்தில், நாயும் பந்தும் வளையமும் ஒரே சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்). ஃபோனில் நொடிக்கு அறுபது சட்டம் வைத்துக்கொண்டால் பின்னால் மெதுவாக ஓட்டலாம். பந்து எறிபவர் சட்டத்துக்கு வெளியே. ஐந்தாறு டேக்கில் விழவில்லையா, விட்டுவிட்டு வேறு காட்சிக்குப் போய், அரைமணி கழித்து வாருங்கள். நாங்கள் இருபத்தைந்து டேக் வரை பிடிவாதம் பிடித்தோம். மணி நடு ஆடுகளத்தில் படுத்துத் தூங்கிவிட்டான். அதையும் எடுத்து, தேநீர் இடைவேளைக் காட்சியாகச் சேர்த்துவிட்டோம்.

நாயைக் கூப்பிடுவதும் தீனி கொடுப்பதும் ஒரே ஆள். அவர் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் நின்று தீனியைக் காட்டினால் நாய் கேமராவைப் பார்க்கும். சோகமான பார்வை வேண்டுமென்றால் தீனியை மெல்லக் கீழே இறக்குங்கள், அது போதும். மற்ற யாரும் "மணி, மணி" என்று கூவக் கூடாது. எங்கள் படப்பிடிப்பில் பக்கத்து வீட்டுப் பாட்டி மாடியிலிருந்து பாசத்தோடு கூப்பிட்டதில் நாலு டேக் போயிற்று. பாட்டியை யார் தடுப்பது?

ஏழாம் படி: வெட்டி ஒட்டுவது

வெட்டாத ஷாட்டைப் படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே காட்டிவிடுங்கள், பையன் ஒருவன் மட்டும் பார்க்கும்போது. கடைசி ஆட்டத்தில் தாராளமாக வெட்டலாம்: நாய் மூக்கைத் தூக்குகிறது, பந்து காற்றில், எதிரணிப் பையனின் வாய் பிளக்கிறது, பந்து வளையத்தில். இந்த நாலில் நாய் செய்தது முதல் ஒன்று மட்டும். மற்றதை நீங்கள் மாடியிலிருந்து எறிந்து எடுத்திருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒலியை மறக்காதீர்கள். மூக்கில் பட்ட பந்துக்கு நிஜத்தில் சத்தமே இருக்காது. திரையில் அது பொய்போலத் தோன்றும். ஈரத்துணியைத் தரையில் அடித்தால் வருகிற 'தொப்' ஒன்றைப் பதிவு செய்து, மூக்கு படும் சட்டத்தில் ஒட்டுங்கள். குரைப்பு வேண்டுமென்றால் உங்கள் நாயின் குரைப்பையே தனியாக எடுத்து வையுங்கள். தபால்காரர் வரும் நேரம் பார்த்து ஃபோனைத் தயாராக வைத்திருந்தால் போதும்.